அறைக்கு ஆள் வந்திட்டுது

"அறைக்கு ஆள் வந்திட்டுது" என்றேன் முதல் தடவை.
பொய்.
ஜம்பட்டா வீதி வீட்டின் மேல்மாடியில்
ஒரு மின்விசிறி, கால் முறிந்த கட்டில்,
வேறு எவருமில்லை அப்போது.
துஷாந்தினி ஸ்கூட்டரை நிறுத்தாமலே சிரித்தாள்.
"சரி அன்ரி, திங்கட்கிழமை திரும்ப வாறன்."

வந்தாள், கோப்போடு.
மூன்று மாத வாடகை அவர்கள் அலுவலகம் கட்டும்.
பொலிஸ் பதிவுக்கு அவளே கூட வருவாள்.
முகவரி இருந்தால் கிராம சேவகர் கடிதம் தருவார்,
கடிதம் இருந்தால் அடையாள அட்டை,
அட்டை இருந்தால் வங்கிப் புத்தகம்,
புத்தகம் இருந்தால்தான் சம்பளம்.
"எல்லாம் உங்கட கதவு நம்பரில தொங்குது அன்ரி."

என் கதவு நம்பர்
ஒற்றை ஆணியில் நிற்கிற துருத் தகடு.
இவ்வளவு பாரம் அதில் ஏறுமென்று
நான் நினைத்ததில்லை.

"என்ன செய்தவர்?" என்று கேட்டேன்.
சொன்னாள், மறைக்காமல்.
அதை இங்கே எழுதமாட்டேன்.
பதினோரு வருடமாக
அதைச் சொல்லித்தானே அவரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

சந்திரபோஸ் ஒரு சொப்பிங் பையோடு வந்தார்.
பொரளையிலிருந்து ஒரே பஸ்.
எங்கே இறங்குவதென்று கேட்கக் கூச்சப்பட்டு
ஹெட்டியாவத்தை வரை போய்
வெயிலில் நடந்து திரும்பியிருக்கிறார்.
கட்டிலுக்கு முட்டுக் கொடுக்க
ஒரு செங்கல் கேட்டார், அவ்வளவுதான்.

அன்றிரவு கரண்டிகளை எண்ணினேன்.
பன்னிரண்டு.
மறுநாளும் பன்னிரண்டு.
பெனடிக்டா மதிலுக்கு மேலால் எட்டி
"உனக்குப் புத்தி பிசகிப்போச்சா?" என்றாள்.
இல்லையென்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

குழாயடியில் நின்று "தண்ணி எடுக்கலாமா?" என்பார்.
உங்களுக்கும் சேர்த்த குழாய்தானே என்பேன்.
பின்னேரம் மறுபடியும், "எடுக்கலாமா?"
படி விளக்கு எரிந்தால்தான் நித்திரை வருமாம்.
உள்ளே இரவு முழுக்க எரியுமாம்.
லைட் பில் ஏறியது.
துஷாந்தினி அதற்கும் ஒரு படிவம் வைத்திருந்தாள்.
நான் நிரப்பவில்லை.

விடிய ஐந்து மணிக்கு
என் கட்டிலுக்கு நேர் மேலே
பலகை இரண்டு தரம் முனகும்.
பிறகு ஒன்றுமிராது,
நடையில்லை, இருமலில்லை.
ஒரு ஆள் அசையாமல் நிற்பதற்கும்
ஒரு சத்தம் உண்டென்று
அந்த மாதம்தான் அறிந்தேன்.
எண்ணிக்கைக்கு நிற்கிறார்.
மாதா கோயில் மணி அடிக்கும்வரை நிற்கிறார்.
கீழே நான் கரண்டிகளை எண்ணுகிறேன்.
அவரை எண்ணத்தான் ஆளில்லை.

பஞ்சிகாவத்தையில் பழைய வாகனச் சாமான் கடையில் வேலை.
புதன்கிழமைகளில் அலுவலகத்தில் கூட்டம்:
பிளாஸ்டிக் கதிரைகள், பிளேன்டீ, மேரி பிஸ்கட்.
உள்ளேயிருந்து வந்தவர்கள் வட்டமாக இருந்து பேசுவார்களாம்.
"நீங்கள் என்ன பேசினீர்கள்?"
"கதிரை அடுக்கிக் குடுத்தன்."
மூன்றாம் மாதம்,
"இண்டைக்குக் கொஞ்சம் பேசினன்" என்றார்
படியில் பாதி ஏறியபிறகு, திரும்பாமல்.

ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்,
ஐந்துக்குப் பலகை முனகவில்லை.
ஐந்தரை.
கோயில் மணியும் அடித்து ஓய்ந்தது.
எனக்கு முதலில் நினைவு வந்தது கரண்டியல்ல,
கயிறு.
செருப்பில்லாமல் படியேறினேன்.
கதவு சும்மா சாத்தியிருந்தது.
வாய் திறந்து, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க,
எவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத மனிதராய்
குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தார்.

ஏழே முக்காலுக்குக் கடை முதலாளியின் போன்.
படிவத்தில் என் நம்பர்தான் இருக்கிறது.
"எங்க உங்கட ஆள்?"

என்ர ஆள்.

"காய்ச்சல்" என்றேன், "நல்ல காய்ச்சல் முதலாளி,
மத்தியானத்துக்குப் பிறகுதான் எழும்புவார்."
இவருக்காக நான் சொன்ன
இரண்டாவது பொய் இது.

துஷாந்தினிக்குச் சொல்லவேண்டாம்.
முட்டை ஒன்று பொரித்து மூடி வைத்திருக்கிறேன்.
மழை இன்னும் விடவில்லை.